லைட் வைக்கப் போகும் தங்கச்சிக்கு

முழங்கையில் செதில் உதிர்வதைக் கண்டு வீட்டிலேயே உன் தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள் என்று அழுதாயே, முதலில் அதை முடிப்போம். சொரியாசிஸ் தொற்றாது, தங்கச்சி. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே சோப்பைப் போட்டாலும் ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே தோலைச் சீண்டுவதால் வருகிறது. ஒரு மாதம் எடுத்து மேலே வர வேண்டிய தோல் சில நாட்களிலேயே வந்து குவிந்து செதிலாகிறது. இதை அம்மாவிடமும் சொல்லு.

அந்தச் சீண்டல் தோலோடு நிற்பதில்லை, இரத்தத்திலும் தெரியும். டொக்டர் எழுதும் சீஆர்பி டெஸ்ட் அதற்குத்தான். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் ஈரலுக்குச் சேதி கொண்டுபோகும். ஈரல் சீஆர்பி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும்.

உனக்கு வைக்கப்போவது 311 நானோமீற்றர் அளவுள்ள நெரோபேண்ட் யூவிபி கதிர். மேல்தோலைத் தாண்டி அதிகம் உள்ளே போகாது. ஆனால் அங்கே கொதித்துக் கிடக்கும் வெள்ளை அணுக்களை அடக்கும். மேலே நெருப்புத் தணிந்தால் இரத்தத்திலும் சூடு இறங்கும். 2018இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 12 வாரம் லைட் வைத்தவர்களுக்கு சீஆர்பியும் இன்டர்லூகின்-6உம் குறைந்திருந்தன. ஆனால் இரத்தக் குழாய்ச் சுவரின் அழற்சியை ஸ்கேனில் பார்த்தபோது அது இறங்கவில்லை. அதனால் சீஆர்பி குறைந்தது என்று நெஞ்சைக் கவனிக்காமல் விடாதே. சொரியாசிஸ் கடுமையாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூட. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்த்துக்கொள். வெற்றிலையோடு போடும் புகையிலையை இன்றே நிறுத்து.

டெஸ்டுக்கு இரத்தம் கொடுக்கும் நாளையும் பார்த்துப் போ. தடிமன், காய்ச்சல், பல் வீக்கம், கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் எதுவானாலும் சீஆர்பி ஏறும். பிறகு லைட் வேலை செய்யவில்லை என்று வீணாகக் கவலைப்படுவாய். அப்படி ஏதும் இருந்தால் டொக்டரிடம் சொல்லி, சுகமானபின் கொடு. லைட் தொடங்குமுன் ஒரு டெஸ்ட், முடிந்தபின் ஒன்று, இரண்டையும் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வை. இடையில் தனியார் லேப்புக்குக் காசைக் கொட்டாதே. லைட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை உன் தோலைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

பெரிய கஷ்டம் போய்வருவதுதான். வாரம் 3 நாள், மொத்தம் 20, 30 தடவை. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பினால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். முதல் நாளே டொக்டரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்து ஆபீசில் கொடு. மூன்று நாள் முடியாதென்றால் இரண்டு நாள் போதுமா என்று கேள். குணமாக நாள் கூடும், ஆனாலும் குணம் கிடைக்கும். ஒரு வாரம் விட்டுப்போனால் மறைக்காமல் நேர்ஸிடம் சொல்லு. அளவைக் குறைக்காமல் வைத்தால் தோல் வெந்துவிடும்.

லைட்டுக்கு முன் களிம்பைத் தடிப்பாகப் பூசாதே, கதிரை அது மறிக்கும். லைட் வைக்கும்போது தரும் கண்ணாடியைக் கழற்றாதே. அன்றைக்கு வெயிலில் நிற்காதே. நம் மலைநாட்டு வெயில் கடுமை, நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக்கதிர் பத்து வீதமளவு கூடும், பனிமூட்டத்துக்குள்ளும் அது வரும். முழுக்கைச் சட்டை போடு. கூடைக் கயிறு தலையில் உரசுமிடத்தில் மெல்லிய துணியை மடித்து வை, உரசலும் கீறலும் பட்ட இடத்திலேயே புதுச்செதில் கிளம்பும். முடிக்குள் லைட் எட்டாது, தலைக்கு வேறு மருந்து கேள்.

மெத்தோட்ரெக்ஸேட் குளிசை தந்தால், சொரியாசிஸுக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை தங்கியிருந்தாலும், பெற நினைத்தாலும் அதைத் தொடவே கூடாது, உடனே டொக்டரிடம் சொல்லு. இந்த லைட்டைக் கர்ப்பத்திலும் வைக்கலாம். அப்போது ஃபோலிக் அசிட் குளிசையை விடாதே.

கடைசியாக உன் விரல்கள். எங்கள் லயத்து அக்கா ஒருத்திக்கு விடியற்காலையில் கை மடங்காது. இரண்டு விரல் உருண்டு வீங்கி, நகமெல்லாம் ஊசியால் குத்தினதுபோல் குழி. கொழுந்து பறித்துப் பறித்து வந்தது என்றே இரண்டு வருஷம் தைலம் தேய்த்தாள். அது சொரியாசிஸ் மூட்டுக்குப் போனதன் அடையாளம். அதற்கு லைட் உதவாது, மருந்து வேறு. பிந்தினால் மூட்டு கோணிவிடும், பிறகு நிமிராது. அடுத்த கிளினிக்கில் முழங்கையை மட்டும் காட்டிவிட்டு வராதே தங்கச்சி, பத்து விரலையும் விரித்து டொக்டர் முன்னால் வை.