பெயர்ப் பெட்டிக்குள் தமிழ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையிலோ கோவையிலோ எழுதப்பட்ட ஒரு செயலியைத் திறந்து, பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரைத் தமிழில் தட்டிப் பாருங்கள். பல இடங்களில் 'சரியான பெயரைத் தரவும்' என்று சிவப்பெழுத்தில் திட்டு விழும். எழுதிய டெவலப்பருக்கும் தமிழ்தான் தாய்மொழி. அவருக்குத் தமிழ்மேல் வெறுப்பெல்லாம் இல்லை. சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் சில நம்பிக்கைகள் கோடுக்குள் புகுந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஓர் எழுத்து என்றால் ஒரு கேரக்டர்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் ஐந்து என்கிறது. யுடிஎஃப்-8இல் சேமித்தால் 15 பைட். மூன்று விடையும் சரிதான், அளக்கும் பொருள்தான் வேறு. யூனிகோடு தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தரவில்லை. உயிர், அகரம் ஏறிய மெய், உயிர்க்குறி, புள்ளி எனத் துண்டு துண்டாகத் தந்திருக்கிறது. 'மி' என்பது ம, அடுத்து இகரக் குறி. 'ழ்' என்பது ழ, அடுத்து புள்ளி. துண்டு ஒன்றுக்கு யுடிஎஃப்-8இல் 3 பைட்.

இதனால் என்ன குடி முழுகிவிடும்? 'வெங்கடசுப்பிரமணியன்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 12 எழுத்து, 19 துண்டு, 57 பைட். வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் 18 எழுத்து, 18 பைட். ஆரக்கிளில் 50 என்று அளவு கொடுத்த வார்கேர்2 பத்தி, அமைப்பை மாற்றாதவரை 50 பைட்டைத்தான் குறிக்கும். மனிதர் உள்ளேயே நுழைய முடியாது. மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் அதே 50 என்பது துண்டுக் கணக்கு, அங்கே பிழைத்துக்கொள்வார். ஆகவே, 'என் கணினியில் ஓடியது' என்பதை வைத்து வாடிக்கையாளரின் டேட்டாபேஸிலும் ஓடும் என்று எண்ணாதீர்கள்.

வெட்டுவதில் இன்னும் கூத்து. பட்டியலில் இடம் போதவில்லை என்று 'முருகன்' என்பதை ஆறு கேரக்டரில் நறுக்கினால் 'முருகன' என்று புள்ளி இல்லாமல் நிற்பார். பைட் கணக்கில் நடுவே வெட்டினால் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்காரும். பெயரின் முதல் கேரக்டரை எடுத்து வட்டத்துக்குள் போடுவது இப்போது எல்லாச் செயலிகளிலும் வழக்கம். அந்தக் கோடிடம் தலைப்பெழுத்தைக் கேட்டால் உ.வே.சா., உ.வ.ச. ஆகிவிடுவார். மு.வ.வோ ம.வ.!

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் என்ற வசதி, பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே பிரித்துத் தரும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125லும் வந்துவிட்டதால் முக்கிய உலாவிகள் அனைத்திலும் ஓடுகிறது. 'க்ஷ'வை மட்டும் இரண்டாக எண்ணும். அது உங்களுக்கு உறுத்தினால் தனியாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: ரெஜெக்ஸில் 'எல்லா மொழி எழுத்தும்' என்று போட்டாயிற்று, இனிக் கவலையில்லை.

ஏ முதல் இசட் வரை மட்டும் அனுமதித்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள் விழும் அடுத்த பள்ளம் இது. யூனிகோடின் 'எழுத்து' வகையை, அதாவது எல் வகையை, மட்டும் அனுமதித்தால் அ, க, ம எல்லாம் உள்ளே வரும். உயிர்க்குறிகளும் புள்ளியும் 'குறி' என்னும் எம் வகையைச் சேர்ந்தவை, அவை வெளியே நிற்கும். 'கமல' செல்லும், 'கமலா' செல்லாது. எல்லோடு எம்மையும் சேருங்கள். இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் மறக்காதீர்கள், நம்மூரில் இனிஷியல் இல்லாத பெயர் குறைவு. என்னைக் கேட்டால், பெயருக்கு ரெஜெக்ஸே வேண்டாம். வெறுமையாக இருக்கக் கூடாது, அளவு மீறக் கூடாது என்ற இரண்டு சோதனைகள் போதும்.

நம்பிக்கை: பார்க்க ஒன்றாக இருந்தால் ஒன்றுதான்.

அதிக நேரத்தைத் தின்னும் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன, ஏனென்றால் திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. 'கோ' என்பதைக் க, அடுத்து ஓகாரக் குறி என இரண்டு துண்டாக எழுதலாம். க, ஏகாரக் குறி, கால் என மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. கணினிக்கு அவை இரு வேறு ஸ்ட்ரிங். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து ஏற்றிய 'கோவில்' என்ற கோப்பை இங்கே தேடினால் கிடைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே வரும் எதையும் சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும். பெரும்பாலான மொழிகளில் ஒரு வரி வேலை.

என்எஃப்சி தொடாத இடங்களும் உண்டு. 'கௌதம்' என்பதில் வருவது ஔகாரக் குறி. பலர் தட்டுவதோ எகரக் கொம்பு, பின்னால் ளகரம். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. 'ஸ்ரீ'யிலும் இதே கதைதான். ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒரு முறை. 2005இல் யூனிகோடு 4.1 தந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டும். எந்த விசைப்பலகை எதை அனுப்புகிறது என்பது பயனருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்காகச் சேமித்த பெயரையே திருத்தப் போகாதீர்கள். எகரக் கொம்பும் ளகரமும் வரும் இடத்திலெல்லாம் ஔகாரக் குறி போட்டால் 'வெள்ளி' கெட்டுவிடும். தேடலுக்கென்று தனிப் பத்தி ஒன்று வையுங்கள். அதில் மட்டும் இந்த மாற்றங்களைச் செய்யுங்கள், பயனர் தேடும் சொல்லுக்கும் அதே மாற்றங்களைச் செய்து ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஒரே விதமாகக் கெடுவதால் 'வெள்ளி'யும் கிடைக்கும், 'கௌதம்' இரண்டு விதத்திலும் கிடைப்பார்.

நம்பிக்கை: மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்று வைத்தால் முழு யூனிகோடும் அடங்கும்.

அந்தப் பெயரில் நெடுங்காலம் இருந்தது 3 பைட் வரை மட்டுமே தாங்கும் வடிவம். அன்றாடத் தமிழ் அதில் அடங்கிவிடும், அதனாலேயே தமிழ்த் தளங்கள் நடத்துபவர்கள் விழிப்பதில்லை. யாராவது ஒரு ஸ்மைலி போட்டதும் பிழை வெடிக்கும். தமிழிலேயே அடங்காதவையும் இருக்கின்றன. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். பழைய நிலப் பத்திரங்களை மின்வடிவாக்குபவர்கள் கவனிக்க. யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் இயல்பிலேயே அதுதான்.

நம்பிக்கை: சார்ட் போட்டால் அகர வரிசை வந்துவிடும்.

வருவது யூனிகோடு எண் வரிசை. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்து, றகரம் ரகரத்துக்கு அடுத்து. எனவே 'பன்னீர்' முன்னால் வந்து 'பரமன்' பின்னால் போவார். அகராதியில் ரகரம் முந்தி, னகரம் கடைசி. வாக்காளர் பட்டியலோ நூலகப் பட்டியலோ செய்பவர்கள் தமிழ் மொழிக்குறியோடு கொலேட்டரைப் பயன்படுத்துங்கள்.

நம்பிக்கை: எஸ்எம்எஸ் என்றால் 160 கேரக்டர்.

ஆங்கிலத்துக்கு 160. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் வரம்பு 70. அதைத் தாண்டிப் பல பகுதியாகப் போனால் பகுதிக்கு 67. இதுவும் துண்டுக் கணக்கு. மேலே பார்த்த வெங்கடசுப்பிரமணியனை வாழ்த்தி அழைக்கவே 19 போய்விடும். செலவைக் கணக்கிடும்போது இதைச் சொல்லிவிட்டால், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்காரர் உங்களைத் தேடி வரமாட்டார்.

நம்பிக்கை: எல்லோருக்கும் முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு உண்டு.

தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உள்ள கோடிக்கணக்கானோர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கடைசிப்பெயருக்குச் சிவப்பு நட்சத்திரம் போடுகிறோம். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்ப் பகுதி காலியாக இருக்கலாம். அமெரிக்க விசாப் படிவம், முதற்பெயர் இல்லாதவர்களை அங்கே எஃப்என்யூ என்று எழுதச் சொல்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு கிடையாது என்று அறிவித்தது. அவற்றை நம்மால் மாற்ற முடியாது. நம் படிவத்தை மாற்றலாம். 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி, தேவையென்றால் 'உங்களை எப்படி அழைக்கலாம்' என்று இன்னொன்று. போதும்.

நம்பிக்கை: தமிழில் யார் தட்டுகிறார்கள்?

கூட்டங்களில் கடைசி ஆயுதமாக வருவது இது. பெட்டி ஏற்றுக்கொள்ளாததால் தட்டுவதில்லை, தட்டாததால் பெட்டியைச் சரிசெய்வதில்லை. பதிவேட்டில் ஆங்கிலப் பெயர்கள் மட்டும் இருப்பதைத் தேவையின்மைக்குச் சான்றாகக் காட்டுவது நியாயமே இல்லை.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் ஒன்று செய்யுங்கள். சோதனைத் தரவில் இருக்கும் ஜான் டோவை அனுப்பிவிட்டு வெங்கடசுப்பிரமணியன், கமலா, இரண்டு வித எழுத்தில் கௌதம், இரண்டு வித எழுத்தில் ஸ்ரீதேவி, கடைசிப்பெயர் இல்லாத ஒரு முருகன் ஆகியோரைச் சேர்த்துவிடுங்கள்.