ஜப்பானுக்குப் புறப்படும் மருமகனுக்கு

மண்ணரை,
திருப்பூர்.



நிட்டிங் மெஷின் பார்ப்பதற்காக ஐப்பசி கழிந்ததும் நீ ஒசாகாவுக்குப் புறப்படுகிறாய் என்று உன் அம்மா சொல்லக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று. பனியன் தொழிலில் பிறந்து வளர்ந்தவன் ஒருவன், சொந்த ஊருக்கு அடுத்தபடியாக நேசிக்கத்தக்க தேசம் ஒன்று உண்டானால் அது ஜப்பானே என்பது என் திடமான அபிப்பிராயம். முப்பதுகளில் அங்கே சென்று புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார் அந்நாட்டைப் பற்றித் தமிழில் நூலே எழுதியிருக்கிறார். கிடைத்தால் படித்துவிட்டுப் போ.

மெஷின் விஷயம் உனக்கே நன்றாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனிலிருந்து ‘நன்காய்’ கம்பெனி ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் சேரக்கூடிய வாகயாமாவுக்கு ஒரு நாளை அவசியம் ஒதுக்கிவை. பின்னல் துணிக்குப் பேர்போன அவ்வூரில், உத்தரத்திலிருந்து தொங்கும் பழைய வட்டப் பின்னல் மெஷின்களை இன்றும் சிலர் ஓட்டுகிறார்கள். மணிக்கு ஒரு மீட்டர் அளவே துணி இறங்கும். நூலை இறுக்கி இழுக்காமல், துணி தன் பாரத்தாலேயே தாழும்படி விடுவதால், அது எத்தனை முறை துவைத்தாலும் மிருதுத் தன்மை கெடாமல் உழைக்கிறது. ஷிப்டுக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட்டே பழகிய நமக்கு அந்த நிதானம் முதலில் பொறுக்காது. பொறுத்துக்கொண்டு நின்று பார். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொள், திடீரென்று வாசலில் போய் நிற்காதே.

நகோயாவில் டொயோட்டா தொழில் அருங்காட்சியகத்தையும் தவறவிடாதே. சகிச்சி டொயோடா 1924-இல் செய்து முடித்த தானியங்கித் தறி அங்கிருக்கிறது. ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் அத்தறி, பாவு நூல் ஒன்று அறுந்தால் தானாகவே நின்றுவிடும். ஊசி முறிந்து கோடு விழுந்த துணியை ரோல் ரோலாக ஓட்டித் தள்ளிவிட்டு, பிறகு செக்கிங்கில் உட்கார்ந்து கழிப்பதைக் காட்டிலும், குறை நேர்ந்த க்ஷணத்திலேயே வேலையை நிறுத்துவது மேல் என்கிற அந்த ஒரு புத்தியே அந்த ஜனங்களின் சகல காரியங்களிலும் ஊடுருவி நிற்பதாக நான் கருதுகிறேன். ஆதலால் டெலிவரித் தேதி கேட்டால், முடியாததை முடியும் என்று சொல்லாதே. நீ பேசும்போது அவர்கள் தலையசைப்பது சம்மதமன்று. கவனிக்கிறார்கள் என்பதற்கே அது அடையாளம். விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் கொடுத்து, அவர்களுடையதையும் அவ்வாறே வாங்கி, படித்துப் பார்த்த பிறகே வை. ஹோட்டலில் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கமில்லை. ரயிலில் போன் பேசுவது மரியாதையன்று. தெருவில் குப்பைத்தொட்டி அகப்படுவது அரிது, கையிலுள்ள காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொள்.

சைவச் சாப்பாடுதான் உனக்குப் பெரிய சங்கடமாயிருக்கும். காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலுங்கூட உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்த நீரே அநேகமாகச் சேர்ந்திருக்கும். இறைச்சியில்லை என்று அவர்கள் சொல்வதை மாத்திரம் நம்பி உண்ணாமல், மீனும் கூடாது என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதிய சீட்டொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். மனமார உண்ண வேண்டுமானால் கோயா மலைக்குப் போ. கூகாய் என்னும் பௌத்தத் துறவி 816-இல் ஸ்தாபித்த அத்தலத்தில் மடாலயங்கள் அநேகம் உள்ளன. பலவற்றில் யாத்ரீகர்கள் தங்கலாம். மீனும் இறைச்சியும் பூண்டும் வெங்காயமும் சேராத துறவிகளின் போஜனம் கிடைக்கும். நம்பாவிலிருந்தே ரயில், அதன்பின் மலையேறும் கேபிள் கார். இரவுச் சாப்பாட்டை அந்திக்கே முடித்துவிடுவார்கள், ஆகையால் ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடு. மலை ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். கார்த்திகையில் குளிர் எலும்பைத் துளைக்கும். கம்பளிச் சட்டையும், செருப்பைக் கழற்றினால் வெட்கப்பட வேண்டாத நல்ல சாக்ஸும் எடுத்துக்கொள். மின்சாரம் 100 வோல்ட்தான், பிளக்கும் வேறு; அதற்கான அடாப்டரை இங்கேயே வாங்கிவிடு.

இப்படிக்கு,
உன் மாமன்