வெம்ப்ளிக்குப் போகுமுன் திரும்பும் வழியைப் பாருங்கள்

வெம்ப்ளியில் ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்டேஷன் வழியாகத் திரும்பப் போகிறீர்கள்?" என்பதுதான். பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். போகிற வழியை இரண்டு செயலிகளில் பார்த்து வைத்திருப்பார்கள். திரும்புவதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். வந்த வழியே போய்விடலாம் என்றொரு நினைப்பு.

அந்த நினைப்புதான் வினை. மைதானத்தில் 90,000 இருக்கைகள். வரும்போது அந்தக் கூட்டம் மூன்று நான்கு மணி நேரத்தில் பரவி வருகிறது. மதியமே வந்து குடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மூச்சிரைக்க ஓடிவருபவர்களும் உண்டு. போகும்போது அந்தச் சலுகை கிடையாது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடித்த மறு நிமிடம் பந்தி வாசலில் திரளும் கூட்டம் மாதிரிதான். கடைசி விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே வாசலைப் பார்த்து நடப்பார்கள். அதனால் இந்த மைதானத்துக்கான பயணத்தைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். முதலில் வீடு திரும்பும் ரயில், அப்புறம் மற்றதெல்லாம்.

மைதானத்தைச் சுற்றி மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள்.

வெம்ப்ளி பார்க்: ஜூபிலி, மெட்ரோபாலிட்டன் இரண்டு டியூப் பாதைகளும் நிற்கும் இடம். பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மெட்ரோபாலிட்டனில் ஏறலாம்; நடுவில் ஃபின்ச்லி ரோடு ஒன்றில்தான் நிற்கும். ஜூபிலி அதே தூரத்துக்கு எட்டு இடத்தில் நின்று வரும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து படியில் நின்றால் ஒலிம்பிக் வே நேராக மைதானத்துக்கு ஓடுவதும், அதன் மேல் 133 மீட்டர் உயர வளைவும் தெரியும். முதல் முறை வருபவர் இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்பேன். அந்தக் காட்சிக்காகவே வரலாம்.

திரும்பும்போது அதே ஒலிம்பிக் வே வேறு முகம் காட்டும். ஆட்டம் முடிந்த கால் மணி நேரத்தில் அது முழுக்கத் தலைகள். நடைமேடையில் நெரிசல் வரக்கூடாது என்பதற்காக ஸ்டேஷனுக்கு முன்னாலேயே கூட்டத்தைத் தடுத்துத் தடுத்து, ஒரு பகுதியை மட்டும் விடுவார்கள். குதிரை மேல் போலீஸ்காரர்கள் குறுக்கே நிற்பார்கள். ஒரு தொகுதி நகரும், நிற்கும். முன்னால் இருப்பவர் முதுகில் எழுதிய பெயர்தான் அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்கள் காட்சி. பக்கத்தில் இரண்டு அணிக்கும் பாதிப் பாதியாக நெய்த மஃப்ளரை விற்பவர், மதியம் சொன்ன விலையை இறக்கிக்கொண்டே கூவுவார். ஆபத்தான வரிசை இல்லை, ஒழுங்காகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் சிறு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டோ, முழங்கால் வலிக்கும் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டோ நிற்க வேண்டிய இடமில்லை. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. நிற்க முடியாதவர்கள் கூட இருந்தால் வரிசையில் சேருமுன் அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். கேட்காதவரை அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது வெம்ப்ளி ஸ்டேடியம் ஸ்டேஷன். பெயரைப் பார்த்து இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறார்கள். அளவில் இதுதான் சிறியது. இது டியூப் இல்லை, மேரிலபோனிலிருந்து வரும் சில்டர்ன் ரயில். பத்து நிமிடத்துக்குள் லண்டன் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும். ஹை விக்கம், பர்மிங்ஹாம் பக்கம் போகிறவர்களுக்கும் இதுதான் வழி. இங்கே லண்டன் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் வரிசை பிரித்து விடுவார்கள். எந்த வரிசை என்று பார்க்காமல் கூட்டத்தோடு போய் நின்றுவிட்டு, கடைசியில் தெரியவந்து பின்னால் ஓடுபவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். மைதானத்திலிருந்து நான்கைந்து நிமிட நடைதான். இருக்கையிலிருந்து சீக்கிரம் எழுந்துவிடக்கூடியவருக்கு மூன்றிலும் இது நல்லது. தாமதமாக வருபவருக்கு அப்படியில்லை.

இங்கே நீங்கள் கடக்கும் பாலத்துக்கு வெள்ளைக் குதிரைப் பாலம் என்று பெயர். 1923 ஏப்ரல் 28, பழைய வெம்ப்ளியில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் நினைவு அது. கணக்கில் காட்டியதே 1,26,047 பேர். வேலியேறி வந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்பார்கள். ஆடுகளமே கூட்டத்தில் மூழ்கிப்போய், பில்லி என்ற குதிரை மேல் ஒரு போலீஸ்காரர் வந்து, மற்றவர்களோடு சேர்ந்து எல்லைக்கோடு வரை ஆட்களைத் தள்ளிய பிறகே ஆட்டம் தொடங்கியது. குதிரை உண்மையில் சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளையாகத் தெரிந்து, பெயரும் நிலைத்துவிட்டது.

மூன்றாவது வெம்ப்ளி சென்ட்ரல். இருபது நிமிடம் நடக்க வேண்டும் என்பதால் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். பேக்கர்லூ டியூப் ஒரு பக்கம். யூஸ்டனுக்கும் வாட்ஃபோர்டுக்கும் ஓடும் ஓவர்கிரவுண்ட் இன்னொரு பக்கம். அந்த ஓவர்கிரவுண்ட் பாதைக்கு 2024-இல் லயனஸ் என்று பெயர் வைத்தார்கள், 2022-இல் இதே மைதானத்தில் யூரோ கோப்பையை வென்ற இங்கிலாந்துப் பெண்கள் அணிக்காக. இங்கேயும் கூட்டம் வரும். ஆனால் வெம்ப்ளி பார்க் போல மொத்தமாக வராது. நடந்து வருகிற தூரமே கூட்டத்தைச் சல்லடை போட்டுவிடுகிறது.

அதைவிட நம் ஆட்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. சென்ட்ரலுக்கு அருகிலேயே ஈலிங் ரோடு தொடங்குகிறது. குஜராத்திக் கடைகளும் நம் கடைகளும் தோளோடு தோளாக நிற்கும் தெரு. ஒரு தோசையும் டீயும் முடித்துவிட்டு வந்தால் வரிசை பாதியாகியிருக்கும். தெருவின் மறு கோடியில் ஆல்பர்ட்டன் ஸ்டேஷன், பிக்காடில்லி பாதை. மேற்கு லண்டன்காரர்களுக்கு அதுவே நேர் வழி.

லண்டன் பக்கம் போகும் மெட்ரோபாலிட்டனில் உட்கார்ந்து போக விரும்புபவர்கள் வெம்ப்ளி பார்க்கில் ஏறாமல், அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் பிரெஸ்டன் ரோடு வரை நடக்கிறார்கள். ஃபார்ட்டி அவென்யூ வழியாக, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழையில்லாத நாளில், காலில் நல்ல ஷூ இருந்தால் செய்யலாம். அரை மணி நேரம் நிற்பதைவிட நடப்பது மேல் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

எப்போது எழுந்திருப்பது என்பதும் ஆட்டத்தைப் பொறுத்தது. கோப்பை இறுதியாட்டத்தில் தோற்ற அணியின் ஆட்கள் உடனே வெளியேறுவார்கள். ஜெயித்தவர்கள் கோப்பையைத் தூக்குவதைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரியும். உங்கள் அணி தோற்றால் துக்கத்தை ரயிலில் வைத்துக்கொள்ளலாம், விசில் ஊதியதும் கிளம்புங்கள். ஜெயித்தால் அவசரமே வேண்டாம், கடைசி வரை இருந்து பாருங்கள். சிக்கல், சாதாரண இங்கிலாந்து ஆட்டங்களில்தான். கோப்பை எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே அணி. ஒரே நிமிடத்தில் எழுவார்கள். அன்று மட்டும் ஒன்று 85-வது நிமிடத்தில் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து. நடுவில் கிளம்புவதுதான் மோசமான தேர்வு. ஐந்நூறில் தொடங்கும் பிளாக் எண் உங்கள் டிக்கெட்டில் இருந்தால் நீங்கள் மேல் அடுக்கில் இருக்கிறீர்கள்; தரைக்கு இறங்கவே நேரம் பிடிக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

காத்திருக்க நல்ல இடம், மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் லண்டன் டிசைனர் அவுட்லெட். சாப்பாட்டுக் கடைகள் உண்டு, கழிப்பறை உண்டு. குடும்பத்தோடு வருபவர்கள் பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அத்தனை பேர் ஒரே நேரத்தில் போனை எடுக்கும்போது சிக்னல் படுத்துவிடும். "பாபி மூர் சிலை அடியில் நில்" என்று சொல்லாதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். பிரென்ட் சிவிக் சென்டர் வாசல் என்று சொல்லுங்கள்.

காரைப் பற்றி. என் கருத்து ஒற்றைச் சொல்: வேண்டாம். ஆனாலும் எடுத்து வருவார்கள், ஏனென்றால் வெம்ப்ளியில் நமக்கு யாராவது சொந்தம் இருக்கும். "ஒரு பிரச்சினையும் இல்லை தம்பி, வீட்டு வாசல்ல விடுங்கோ" என்று மாமா சொல்வார். மற்ற நாட்களில் அது சரி. ஆட்ட நாளில் சுற்றுவட்டாரத் தெருக்கள் பிரென்ட் கவுன்சிலின் நிகழ்வு நாள் பார்க்கிங் வட்டத்துக்குள் வந்துவிடும். அனுமதிச் சீட்டு இல்லாத காருக்கு அபராதம். ஞாயிற்றுக்கிழமை என்ற விலக்கெல்லாம் கிடையாது. வீட்டுக்காரருக்குத் தன் காருக்கான அனுமதி இருக்கும், உங்கள் காருக்கு இருக்காது. விருந்தாளிக்கென்று நிகழ்வு நாள் அனுமதி தனியாக உண்டு. அதை எடுத்து வைக்கச் சொல்லி முந்தின வாரமே மாமாவுக்குப் போன் போடுங்கள். தெருவை விட்டு வீட்டு முற்றத்திலேயே ஏற்றிவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்து சாலைகளைத் திறக்கும்வரை அங்கிருந்து நகர முடியாது. சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாமி அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

ஸ்டான்மோர் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ஜூபிலியில் வருவது வடக்கிலிருந்து வருபவர்களின் பழைய உத்தி. செய்யலாம், ஆனால் அங்கும் ஆட்ட நாளில் கட்டணம் கூடும். ஊபரை மைதான வாசலுக்கு அழைக்காதீர்கள். சாலை மூடியிருக்கும், வண்டி வராது, கட்டணமோ வானத்தில் நிற்கும். ஈலிங் ரோடு வரை நடந்துவிட்டு அழையுங்கள்.

வேன் பிடித்து நண்பர்கள் சேர்ந்து வருவதாக இருந்தால் ஒரு சட்டத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1985-இல் வந்த சட்டப்படி, கால்பந்து ஆட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்திலும், எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடிய வேனிலும் மது எடுத்துப் போகக்கூடாது. வைத்திருப்பவர் மட்டுமல்ல, அனுமதித்த ஓட்டுநரும் மாட்டுவார். பின் சீட்டில் ஐஸ் பெட்டி வைக்கும் வழக்கமுள்ள குழுக்கள் கவனிக்க. டியூபிலும் 2008 முதல் மது குடிக்கத் தடை.

உள்ளே போவதற்கான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பை உள்ளே போகாது. விமான நிலையத்திலிருந்து நேரே சூட்கேஸோடு வருபவர்கள் வாசலில் நின்று கெஞ்சுவதில் பயனில்லை. டிக்கெட் போனில்தான், அதனால் கையில் ஒரு பவர் பேங்க். மைதானத்துக்குள் காசு வாங்க மாட்டார்கள், கார்டு மட்டுமே. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். 2021 ஜூலை 11 யூரோ இறுதியாட்டத்தன்று டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் உள்ளே புகுந்ததாக லூயிஸ் கேசியின் விசாரணை அறிக்கை சொன்னது. பெரிய ஆட்டங்களில் சோதனையை அவசரப்படுத்த யாரும் தயாராக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

டியூப் கட்டணத்துக்கு ஏறும்போது எதைத் தொட்டீர்களோ இறங்கும்போதும் அதையே தொடுங்கள். ஏறும்போது கார்டு, இறங்கும்போது அதே கார்டு ஏற்றிய போன் என்றால், இயந்திரத்துக்கு அது இரண்டு வெவ்வேறு ஆள். இரண்டிலும் உச்சக் கட்டணம் போகும். பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் டியூபில் இலவசம், டிக்கெட் உள்ள பெரியவர் ஒருவரோடு நான்கு பேர் வரை. அகலக் கதவு வழியாகக் கூட்டிப் போங்கள்.

வார நாள் இரவு ஆட்டம் எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடியும். கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் பதினொன்றை நெருங்கும். அப்போது வெளியூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் பெனால்டியைப் போனில் பார்க்க நேரலாம். டிக்கெட் எடுக்கும்போதே கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டால் அந்தக் கொடுமை இல்லை. வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி விடிய விடிய ஓடும், மெட்ரோபாலிட்டன் ஓடாது. ஹாரோ பக்கம் போகும் நம் குடும்பங்கள் இதை மறந்துவிடக்கூடாது. வார இறுதிகளில் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடும் வழக்கமும் உண்டு. ஆகவே முந்தின நாள் இரவு டி.எஃப்.எல். கோ செயலியைத் திறந்து, நீங்கள் நம்பியிருக்கும் பாதை நாளைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லையென்றால் மேலே சொன்ன மற்ற இரண்டு ஸ்டேஷன்களில் ஒன்றை அப்போதே முடிவு செய்து, கூட வருபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.