சந்தை வழக்குகளுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த செய்தி குருமண்வெளிப் பாதையிலேயே என் காதுக்கு வந்துவிட்டது. கொழும்பில் பங்கு, முறி வியாபாரக் குற்ற வழக்குகளைப் பழகப் போகிறாயாம். அப்பா சொன்னார். சந்தோசம். மண்டூர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கமும் போகவேண்டும்.

களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்தில் மாடு களவு வழக்கென்றால் மாட்டுக்காரர் முன்னுக்கு வந்து நிற்பார். யாருக்கு நட்டம் என்று எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சந்தை வழக்கில் அந்த ஆள் மன்றுக்கு வருவதே இல்லை. தான் இழந்ததே அவருக்குத் தெரியாது. அவரைத் தேடிப் பிடிப்பதுதான் உன் முதல் வேலை. எதிரிக்காகத் தோன்றினாலும் அதேதான்.

ராஜ் ராஜரட்ணம் வழக்கைக் கட்டாயம் படி. கொழும்பில் பிறந்து, நியூயோர்க்கில் கலியன் என்ற முதலீட்டு நிதியத்தை நடத்திய தமிழர். வெளியே வராத உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்றதாக 2009 ஒக்டோபரில் கைதானார். 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகக் காணப்பட்டார். நம்மவர்கள் பலருக்கு அது பெருமையும் அவமானமும் கலந்த கதை. உனக்கு அது பாடப்புத்தகமாக இருக்கட்டும்.

போதைப்பொருள் கும்பல்களைப் பிடிக்கக் கையாண்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பை அமெரிக்க அதிகாரிகள் பங்குச் சந்தைக் குற்றத்துக்குப் பெருமளவில் பயன்படுத்தியது அந்த வழக்கில்தான். அனுமதி பெறக் கொடுத்த சத்தியக்கடதாசியில் முந்திய விசாரணை பற்றிய முக்கிய விபரங்கள் விடுபட்டிருந்ததை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் கண்டுபிடித்தார்கள். நீதிபதி ரிச்சர்ட் ஹோல்வெல் அதைக் கண்டித்தார். ஆனாலும் ஒலிப்பதிவுகளைச் சாட்சியமாக ஏற்றார். 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாதம் தோற்றதுதான். இருந்தாலும் சத்தியக்கடதாசியை அப்படி வரிவரியாக வாசிக்கிற கண் உனக்கும் வேண்டும்.

நேரக்கணக்கையும் பார். 2008 செப்டெம்பர் 23: வாரன் பஃபெட்டின் நிறுவனம் கோல்ட்மன் சாக்ஸில் 500 கோடி டொலர் போடப்போவதை கோல்ட்மன் பணிப்பாளர் ரஜத் குப்தா கூட்டத்தில் கேட்டார். கூட்டம் முடிந்த கையோடு கலியனுக்கு அழைப்பு. சந்தை மூடச் சில நிமிடங்கள் இருக்கையில் ராஜரட்ணம் பங்குகளை வாங்கினார். அந்தப் பேச்சு ஒலிப்பதிவில் இல்லை. அழைப்புப் பட்டியலும் கொள்வனவுப் பதிவும் குப்தாவுக்கு எதிராக நின்றன.

தண்டனைக்கு வருவோம். ராஜரட்ணத்துக்கு 11 வருடம், ஒரு கோடி டொலர் குற்றப்பணம், 5 கோடியே 38 இலட்சம் டொலர் பறிமுதல். வழக்குத் தொடுநர் 19 வருடத்துக்கு மேல் கேட்டிருந்தார்கள். குப்தாவுக்கு நீதிபதி ஜெட் ரக்கோஃப் கொடுத்தது 2 வருடம். இலாபத் தொகையையே பெரிதும் வைத்துச் சிறைக்காலத்தை அளக்கும் அமெரிக்கத் தண்டனை வழிகாட்டி மனிதனை அளக்காது என்பது ரக்கோஃபின் நிலைப்பாடு. நானும் அதே பக்கம்தான்.

ஹோல்வெல் 11 வருடத்தோடு நிறுத்தியதற்கு ராஜரட்ணத்தின் நீரிழிவு முற்றிய உடல்நிலை ஒரு காரணம். சுனாமிக்கு உதவியது உட்பட அவரது தர்மம் இன்னொன்று. அலை வந்த நேரம் இந்தக் கரையில் இருந்தவன் நான். அந்த உதவியைச் சிறிதென்று சொல்ல என் வாய் வராது. ஆனாலும் தண்டனையைக் குறைக்கும்படி நீ எழுந்து நிற்கும்போது தர்மக்கணக்கை முதலில் விரிக்காதே. சுனாமிக்குக் கொடுத்த பணம், நியூயோர்க்கில் அன்றைக்குப் பங்கை விற்றுவிட்டுப் போனவருக்குத் திரும்பிப் போகாது. அவருக்கு என்ன நடந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு பேசு. அதற்குப் பிறகு நீ சொல்வதை நீதிபதி நம்புவார்.

இதை அமெரிக்கக் கதையென்று விட்டுவிடாதே. 2015 பெப்ரவரி 27 இலங்கை மத்திய வங்கி முறி ஏலத்தில் 100 கோடி ரூபா கேட்டு, ஆயிரம் கோடிக்குமேல் ஏற்றார்கள். 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தபோது, முறிகள் கைமாறிய வழியில் ஊழியர் சேமலாப நிதியும் வந்தது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கிற காசு அது. அவர்களில் யாரும் ஆணைக்குழுவின் முன் போய் நிற்கவில்லை.

அந்த ஆணைக்குழுவின் அறிக்கையை எடுத்து, சேமலாப நிதி எந்த நாளில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்கியது என்று நீயே ஒரு கொப்பியில் எழுது. விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு அடுத்த லீவுக்கு வா. இருவரும் இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்