நின்றுபோன கடிகாரம்

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இயற்பியல் மாணவனுக்கு ஆங்கில நாவலில் என்ன வேலை என்று தோழர்கள் கேலி செய்தார்கள். கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யை நான் எடுத்ததற்குக் காரணம், அது மெலிந்த புத்தகம் என்பதுதான். அகராதியும் கையுமாகப் படித்து முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அதில் ஒரு காட்சி இன்னும் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் இந்நாவல் 1925-இல் வெளிவந்தது. கதை நடப்பது 1922-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் தீவில். போருக்குப் போகுமுன் தான் காதலித்த டெய்சியைக் கேட்ஸ்பி மறக்கவில்லை. அவளோ வேறொருவனை மணந்து ஒரு குழந்தைக்கும் தாயாகிவிட்டாள். பழைய நாள்களை அப்படியே மீட்டுவிடலாம் என்று நம்பும் கேட்ஸ்பி, பெருஞ்செல்வம் சேர்த்து, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கிக் காத்திருக்கிறான்.

ஐந்தாம் அத்தியாயத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். இடம், கதை சொல்லும் நிக்கின் சிறிய வீடு. வெளியே மழை. அந்த வீட்டுப் புல்லை வெட்டக்கூடக் கேட்ஸ்பியே ஆள் அனுப்பியிருக்கிறான். இத்தனை செய்தவனுக்கு, அவள் வந்ததும் பேச்சு எழவில்லை. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, குளிர்காயும் அடுப்பின் மேல்தட்டில் அலட்சியமாகச் சாய்வதுபோல் சாய்கிறான். அவன் தலை பட்டு அங்கிருந்த கடிகாரம் சரிகிறது. நடுங்கும் விரல்களால் அதைப் பிடித்து நிறுத்தி, மன்னிப்பும் கேட்கிறான். அது முன்பே ஓடாமல் நின்றுபோன கடிகாரம்! பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று டெய்சி பொதுவாகச் சொல்ல, இவன் மட்டும் வரும் நவம்பரோடு ஐந்தாண்டு என்று மாதக் கணக்குச் சொல்கிறான்.

அக்கடிகாரம் காலத்தின் சின்னம் என்று ஆங்கிலப் பேராசிரியர் விளக்கினார். சரிதான். எனக்கோ அந்த விரல்களின் நடுக்கமே பெரிதாகப் படுகிறது. மாளிகைக்காரனுக்கு ஒரு பழைய கடிகாரம் எம்மாத்திரம்? பிறர் வீட்டுப் பொருளை உடைத்துவிடுவோமோ என்று பதறுவது ஏழை வீட்டுப் பிள்ளையின் சுபாவம். பேராசிரியர் வீட்டுக் கண்ணாடித் தம்ளரை வாங்கும்போது என் கையும் அப்படித்தான் நடுங்கியது.

கேட்ஸ்பி உண்மையில் வட டக்கோட்டாவின் ஏழை உழவர் மகன் ஜேம்ஸ் காட்ஸ். பதினேழு வயதில் பெயரையே மாற்றிக்கொண்டவன். அந்த ஐந்தாண்டுக்கு மாதக் கணக்கு வைத்தவன், இந்தப் பதினேழு ஆண்டுகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவன் இறந்தபின் மினசோட்டாவிலிருந்து தந்தை வருகிறார், மகன் 1906-இல் ஒரு புத்தகத்தின் பின்பக்கம் எழுதிய கால அட்டவணையை ஏந்திக்கொண்டு. அதில் மின்சாரம் படிக்கத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறான்! அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சென்ற ஆண்டு விடுதிச் சாப்பாட்டுப் பணம் கொடுக்க அப்பா வந்தார், தலையில் கட்டிய துண்டோடு. யாரென்று அறைத்தோழன் கேட்க, "எங்கள் ஊர்க்காரர்" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று நான் கேட்டதில்லை.

விடுமுறையில் இக்கதையை அப்பாவிடம் சொன்னேன். காதலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பையனோட அப்பா எப்படிப்பா ஊர் திரும்பினாரு?" என்றார். புத்தகத்தில் அது இல்லை.