வெள்ளத்திற்குப் பின் குடிநீர்

1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் காலையில், புனே நகருக்கு மேற்கே ஆம்பி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு வந்த பான்ஷெட் மண் அணை உடைந்தது. பெருமழை ஒருபுறம், முற்றுப்பெறாத மதகு வேலை மறுபுறம். பாய்ந்து வந்த நீரைத் தாங்கமாட்டாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கடக்வாஸ்லா அணையும் அன்றே உடைந்தது. முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின.

வெள்ளம் வடிந்ததும் நகரைப் பற்றியது தாகம். ஊரை அழித்த நீர்த்தேக்கமே ஊருக்குக் குடிநீர் அளித்து வந்த நீர்த்தேக்கமும் ஆகும். குழாய்கள் வறண்டன. பழைய வாடாக்களின் கிணறுகளும், பேஷ்வா காலத்துக் காத்ரஜ் கால்வாய் நீருமே கைகொடுத்தன. குழாய் வந்த பின் கிணற்றைத் தூர்த்துவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை அந்நாட்கள் காட்டின. நகருக்கு வடமேற்கே, பவனா ஆற்றுப் பக்கத்து மேட்டு நிலமான நிக்டியை அவ்வெள்ளம் தொடவில்லை. எனினும் இன்று பவனா அணையின் நீரே ராவேத்தில் ஏற்றப்பட்டு, நிக்டியில் சுத்தி செய்யப்பட்டு, பிம்ப்ரி-சிஞ்ச்வடு மக்களுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுகிறது. எனவே கிணற்றைப் பேணும் முறை அங்குள்ளோருக்கும் வேண்டுவதே.

வெள்ளம் புகுந்த கிணற்றில் சாக்கடையும் மலமும் கலந்திருக்கும். வாந்திபேதி, குடற்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகள் பரவ அதுவே வழி. முதலில் கலங்கலை இறைத்துச் சேற்றை வாரவேண்டும். நீரூறிய நிலத்தில் ஒரே மூச்சில் வற்ற இறைத்தால் சுவர் உள்ளே சரியக்கூடும். ஆகவே நிதானம் தேவை. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் நீரைத் தெளிவிக்கும். ஆனால் தெளிந்த நீர் தூய நீர் ஆகிவிடாது.

கிருமிகளைக் கொல்வது குளோரின். 1,000 லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது சாதாரணக் கணக்கு. 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 28,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 70 கிராம் போதும். தூளை வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் அசைக்கவேண்டும். சுண்ணாம்பைக் கொட்டினால் நீரின் கடினத்தன்மை மிகும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நீர் மொள்ளலாம். இரவில் மருந்திட்டு விடியலில் மொள்வது வசதி.

சேறு புகுந்த கிணறு அதிக மருந்தைக் கேட்கும். ஒரு மணி நேரத்திற்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருத்தல் வேண்டும். முன்னர் இதனை ஆர்த்தோடொலிடின் திராவகத்தால் அறிந்தனர், இப்பொழுது டி.பி.டி. மாத்திரை பயன்படுகிறது. குளோரின் மிஞ்சியிருந்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். மாறாவிடின் மீண்டும் மருந்திடவேண்டும். பிளீச்சிங் பவுடர் ஈரத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். வாய் திறந்த சாக்கில் கிடந்த சென்ற ஆண்டுத் தூளை நம்பி அளவிடுதல் ஆகாது.