ஊசிக்குக் காசு கொடுப்பது யார்?



"எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் கட்டுபடியாகுமா?" என்று நம் ஆதரவாளர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பெரியவர்களுக்கான தடுப்பூசியை வைத்து இதை ஆராய்வோம். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு மாற்றம் நல்ல பாடமாக இருக்கிறது.

அக்கி வியாதியை நாம் அறிவோம். குயவரிடம் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி' வந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, முதுமையில் சரீரம் தளரும்போது மீண்டும் கிளம்புவதே அக்கி. அமெரிக்கர்களில் மூவரில் ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறையாவது இது வருகிறது. கொப்புளம் ஆறிவிடும், ஆனால் வந்தவர்களில் 100க்கு 10 முதல் 18 பேருக்கு நரம்புவலி மாதக்கணக்கில் நீடிக்கும். சட்டைத்துணி உரசுவதைக்கூடத் தாங்கமாட்டார்கள். அந்த வீட்டில் மகளோ மருமகளோ வேலைக்கு லீவு போட நேரிடும். மாத்திரைச் செலவுக்கு ரசீது உண்டு. அந்த லீவுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ரசீது கிடையாது.

இன்றுள்ள அக்கித் தடுப்பூசி இரண்டு தவணையாகப் போடப்படுகிறது. ஆராய்ச்சிகளில் அது 90 சதவீதத்துக்கு மேல் பலன் தந்தது. ஆனாலும் முதியோர் பலர் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் ஒரு விசித்திரமான விதி. அங்கே 65 வயதானவர்களுக்கு 'மெடிகேர்' என்ற அரசுக் காப்பீடு உண்டு. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் அதன் வைத்தியச் செலவுப் பிரிவில் இருந்ததால் இலவசம். அக்கி ஊசி மாத்திரை மருந்துப் பிரிவில் இருந்ததால் கட்டணம்! 2021ல் இந்தப் பிரிவின்கீழ் 34 லட்சம் பேர் தடுப்பூசிகள் போட்டுக்கொண்டு, தங்கள் கையிலிருந்து 23.4 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆளுக்குச் சுமார் 70 டாலர். என்றோ வரக்கூடிய வலிக்காக, வலியில்லாத இன்று பென்ஷன் பணத்தில் இதை எடுத்துக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் நீங்கியது. அவ்வாண்டில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதே பிரிவில் இலவசமாக ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆர்.எஸ்.வி. என்ற சுவாச நோய்க்கான புதிய ஊசியும் அவ்வாண்டில்தான் வந்தது. ஆகவே உயர்வு முழுவதையும் இலவசத்தின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது.

நோயாளிக்கு இலவசமென்றால் காப்பீட்டு நிதி கொடுக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பணம் திரும்புகிறதா? லண்டனிலுள்ள சுகாதாரப் பொருளாதார அலுவலகம் 10 நாடுகளில் ஃப்ளூ, நிமோனியா, அக்கி, ஆர்.எஸ்.வி. ஊசிகளை ஆராய்ந்து, 2024ல் அறிக்கை வெளியிட்டது. போட்ட முதலைப்போல் 19 மடங்கு வரை சமுதாயத்துக்குத் திரும்பக்கூடும் என்கிறது அது. அந்த ஆய்வை ஏற்பாடு செய்தது மருந்துக் கம்பெனிகளின் சர்வதேச சங்கம் என்பதையும், 19 என்பது உச்சக் கணக்கு என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு குறைவதை மட்டும் எண்ணினால் இவ்வளவு வராது. நோயின்றி வாழும் நாட்களையும் சேர்த்தால்தான் கணக்கு இப்படிப் பெருகுகிறது.

நம் நாட்டிலும் அந்த அக்கி ஊசி 2023 முதல் விற்பனையில் உள்ளது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ்–டிப்தீரியா ஊசி இலவசம். முதியோருக்கான அக்கி ஊசி அத்திட்டத்தில் இல்லை. டாக்டர் எழுதிய சீட்டுடன் மருந்தகத்துக்கு வரும் பெரியவர் விலையைக் கேட்கிறார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்.